கார்டில் டெபியன், உள்ளே அத்தானின் விண்டோஸ்

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே மாதிரி லேப்டாப்தான் வாங்கினார்கள். 11 அங்குலத் திரை, செலரான் சிப், 4 ஜிபி ரேம், 32 ஜிபி உள்சேமிப்பு. பள்ளிக்கூடமே வீட்டுக்குள் வந்துவிட்டது, பிள்ளை எத்தனை நாள்தான் போனிலேயே பாடம் பார்க்கும் என்று அவசரத்தில் வாங்கியவை. பினாங்கு மாநிலத்துப் பிறையில் இருக்கும் என் அக்கா வீட்டிலும் ஒன்று உண்டு. இன்றைக்கும் அது ஓடுகிறது. விசைப்பலகை நன்றாக இருக்கிறது, திரையில் கோடு இல்லை, பேட்டரி மட்டும் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. தொல்லை முழுக்க அந்த 32 ஜிபியில்தான். விண்டோஸ் 10 அதில் பாதிக்கு மேல் பிடித்துக்கொண்டு, அப்டேட் வரும்போதெல்லாம் இடம் போதவில்லை என்று புலம்பும். விண்டோஸ் 11 குறைந்தது 64 ஜிபி கேட்கிறது, ஆகவே அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்க முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துபோனது.

விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தைப் போட்டுவிட வேண்டியதுதானே என்பீர்கள். 32 ஜிபியில் லினக்ஸ் உட்காரும், சரி. ஆனால் அந்த லேப்டாப்புக்கு இரண்டு முதலாளிகள். அக்கா மகள் ஐந்தாம் படிவம், எஸ்பிஎம் தேர்வு எழுதப்போகிறவள். அத்தான் பட்டர்வொர்த் துறைமுகத்துக்கு லாரி விடுகிறவர். அவருடைய கணக்கு மென்பொருள் விண்டோஸில் மட்டும்தான் ஓடும், பல வருடக் கணக்கும் அதற்குள்தான் கிடக்கிறது. "மச்சான், நீ என்ன வேணும்னாலும் பண்ணு, என் கணக்குல மட்டும் கை வச்சிடாத" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அதனால் அவருடைய விண்டோஸிலிருந்து வைஃபை கடவுச்சொல்லை மட்டும் அழித்துவிட்டு (கணக்குக்கு இணையம் எதற்கு?) அதை அப்படியே விட்டுவிடுவது, மகளுக்கு மெமரி கார்டில் தனியாக டெபியன் என்கிற லினக்ஸ் வகையைப் போடுவது என்று முடிவாயிற்று.

மெமரி கார்டில் இயங்குதளமா என்று சிரிக்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த லேப்டாப்புக்குள் என்ன இருக்கிறது என்று நினைக்கிறீர்கள்? ஹார்ட் டிஸ்கும் இல்லை, எஸ்எஸ்டியும் இல்லை. இஎம்எம்சி என்கிற ஒரு சில்லு, மதர்போர்டிலேயே சால்டர் பண்ணியது. எம்எம்சி என்பது எஸ்டி கார்டுக்கு முன்னால் வந்த மெமரி கார்டு வகை, எஸ்டிக்கு நெருங்கிய சொந்தம். லினக்ஸ் இரண்டையும் ஒரே குடும்பப் பெயரில்தான் கூப்பிடும்: உள்ளே இருப்பது எம்எம்சிபிஎல்கே0 (mmcblk0) என்றால் நாம் செருகும் கார்டு எம்எம்சிபிஎல்கே1. வேகத்தில் உள்ளே இருப்பது மேல்தான், மறுக்கவில்லை. புது இஎம்எம்சியின் பாதை வினாடிக்கு 400 எம்பி வரை போகும், சாதாரண யுஎச்எஸ்-1 கார்டின் பாதை 104 எம்பியோடு நின்றுவிடும். ஆனால் கழற்ற முடியாத கார்டில் ஐந்தாறு வருடமாக வேலை பார்த்துவிட்டு, கழற்றக்கூடிய கார்டைக் கண்டு முகம் சுளிப்பது எனக்குப் புரியவில்லை.

முதல் முட்டுக்கட்டை கார்டில் இல்லை, கார்டைச் செருகும் துளைக்குப் பின்னால் இருக்கிறது. பெரும்பாலானவர்கள் கார்டில் லினக்ஸை எழுதி, செருகி, எஃப்12 அழுத்திப் பார்ப்பார்கள் (எஃப்9, எஸ்கேப் என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும்). எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்கும் பூட் பட்டியலில் கார்டு வராது. உடனே கார்டு சரியில்லை, எழுதியது சரியில்லை என்று திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டே இருப்பார்கள். காரணம் வேறு. லேப்டாப்பைத் திறந்துவிட்ட முதல் சில வினாடிகளில் லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. ஃபர்ம்வேர் மட்டும்தான் விழித்திருக்கும். நம் வாயில் அதற்கு இன்னும் பயாஸ் என்றுதான் பெயர், இப்போது இருப்பது யுஇஎஃப்ஐ. தயாரித்தவர்கள் எந்தெந்தச் சாதனத்துக்கு டிரைவர் வைத்தார்களோ அவற்றை மட்டும்தான் அதற்குத் தெரியும். யூஎஸ்பிக்கு இருக்கும், உள்ளே இருக்கும் டிஸ்குக்கு இருக்கும். கார்டு ரீடருக்கு இருக்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை.

ரீடர் எப்படி இணைக்கப்பட்டிருக்கிறது என்பதில்தான் எல்லாமே. சில லேப்டாப்களில் அது உள்ளுக்குள்ளேயே யூஎஸ்பி கம்பியில் தொங்கும். ஃபர்ம்வேருக்கு அது ஒரு பென்டிரைவ், மறுபேச்சில்லாமல் பூட் ஆகும். வேறு சிலவற்றில் பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியாகவோ, சிப்பின் சொந்த எஸ்டி கன்ட்ரோலர் வழியாகவோ இணைந்திருக்கும். அவற்றில் பெரும்பாலும் ஃபர்ம்வேரின் கண்ணுக்குக் கார்டு தெரியாது. லினக்ஸ் ஏறிய பிறகு அதே கார்டு பளிச்சென்று தெரியும், ஏனென்றால் லினக்ஸிடம் டிரைவர் இருக்கிறது. ராஸ்பெர்ரி பையைப் பாருங்கள், 2012-இல் முதல் பலகை வந்தபோதே எஸ்டி கார்டிலிருந்துதான் பூட் ஆனது. அதன் சிப்புக்குள் பதித்த நிரலே கார்டைத் தேடிப் படிக்கத் தெரிந்தது. பிசி உலகம் அப்படி வளரவில்லை. அங்கே கார்டு என்றால் கேமராவிலிருந்து படம் இறக்குகிற சாமான், அவ்வளவுதான்.

எது எப்படி என்று கண்டுபிடிக்க லேப்டாப்பைப் பிரிக்க வேண்டாம். நிறுவாமலேயே ஓடும் ஏதாவது ஒரு லைவ் லினக்ஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் பண்ணி, கார்டைச் செருகி, டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே (lsblk) என்று தட்டுங்கள். கார்டு எஸ்டிஏ, எஸ்டிபி மாதிரிப் பெயரில் வந்தால் அது யூஎஸ்பி ரீடர், கவலை விட்டது. எம்எம்சிபிஎல்கே என்று வந்தால் சுற்றுவழி தேவைப்படலாம். அக்கா வீட்டு லேப்டாப் இரண்டாவது ரகம்.

சுற்றுவழி இதுதான். இயங்குதளம் முழுக்கக் கார்டில் இருக்கட்டும். அதை எழுப்பிவிடும் சிறு பகுதி மட்டும் ஃபர்ம்வேருக்குத் தெரிகிற இடத்தில் இருக்கட்டும். கிரப் (இயங்குதளத்தைத் தேடி ஏற்றிவிடும் சிறு நிரல்) மட்டும் உள்ளே இருந்தால் போதுமா என்றால் போதாது. யுஇஎஃப்ஐயில் கிரப்பும் ஃபர்ம்வேரின் கண்ணால்தான் பார்க்கிறது, அதற்குத் தெரியாத கார்டு இதற்கும் தெரியாது. ஆக கெர்னல் என்கிற லினக்ஸின் கருவும், இனிட்ராம்எஃப்எஸ் என்கிற அந்தத் தொடக்கப் பொட்டலமும்கூட உள்ளேயே இருக்க வேண்டும். கெர்னல் ஏறி, பொட்டலத்தில் இருக்கும் டிரைவரை எழுப்பி, அதற்குப் பிறகுதான் கார்டைத் திரும்பிப் பார்க்கும். அந்த டிரைவர்களை டெபியன் வழக்கமாகவே பொட்டலத்தில் சேர்த்துவிடுகிறது, நாம் மெனக்கெட வேண்டியதில்லை.

உள்ளே இடம் எங்கே என்பது அடுத்த கேள்வி. ஃபர்ம்வேர் படிப்பதற்கென்று டிஸ்கில் விண்டோஸ் தனித் துண்டாக ஒதுக்கிவைக்கும் இஎஃப்ஐ பகிர்வு பெரும்பாலும் 100 எம்பிதான். கிரப்பின் சில எம்பி அதில் அடங்கும், கெர்னல்கள் அடங்காது. ஆனால் விண்டோஸ் ஹைபர்னேஷனுக்கென்று (ரேமில் இருப்பதை டிஸ்கில் எழுதிவைத்துவிட்டு அணைவதற்கு) ஒரு பெரிய கோப்பை வைத்திருக்கும், வழக்கமாக ரேமின் அளவில் சுமார் 40 சதவீதம். 4 ஜிபி ரேம் என்றால் 1.6 ஜிபி. ஹைபர்னேஷனை நிறுத்தினால் அது மொத்தமும் திரும்பக் கிடைக்கும். அதை எப்படியும் நிறுத்தத்தான் வேண்டும், இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்ற பெயரில் விண்டோஸ் அரைத் தூக்கத்தில் கிடக்கும், அந்த நிலையில் அதன் பகிர்வை லினக்ஸிலிருந்து தொடுவது ஆபத்து. கிடைத்த இடத்தில் 1 ஜிபியைச் சுருக்கி எடுத்து அங்கே பூட் பகிர்வு போட்டோம். மீதி எல்லாம் கார்டில்.

இதில் கை வைப்பதற்கு முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள்: விண்டோஸ் தன் டிஸ்கைத் தானாகவே மறையாக்கம் செய்து வைத்திருக்கிறதா என்று. சில லேப்டாப்களில் கடையிலிருந்தே அப்படித்தான் வரும், வீட்டில் யாருக்கும் தெரியாது. பூட் அமைப்பை மாற்றியதும் 48 இலக்க மீட்பு எண் கேட்டு நிற்கும். அதை முன்கூட்டியே எடுத்துத் தாளில் எழுதி வைக்காமல் அத்தானின் லேப்டாப்பைத் தொடும் தைரியம் எனக்குக் கிடையாது. செக்யூர் பூட்டை (கையொப்பம் உள்ள இயங்குதளத்தை மட்டும் ஏறவிடும் ஃபர்ம்வேர் காவலை) அணைக்க வேண்டியதில்லை. 2019-இல் வந்த டெபியன் 10-இலிருந்தே அதற்கான ஏற்பாடு உண்டு.

அப்புறம் கார்டு. கடைக்குப் போனால் கார்டின் முகத்தில் ஒரு பெரிய எண்ணைக் காட்டுவார்கள், 150 எம்பி, 170 எம்பி என்று. அது ஒரு பெரிய கோப்பை நேர்கோட்டில் படிக்கும் வேகம், அதுவும் அந்தக் கம்பெனியின் சொந்த ரீடரில் போட்டால். நம் லேப்டாப்பின் யுஎச்எஸ்-1 துளையில் 104-ஐத் தாண்டவே வழியில்லை. வட்டத்துக்குள் 10, யு என்ற எழுத்துக்குள் 3, வி30 என்றெல்லாம் இருப்பவை வீடியோ எடுப்பவர்களுக்கானவை: தொடர்ச்சியாக எழுதும்போது வினாடிக்கு 10 எம்பிக்கோ 30 எம்பிக்கோ கீழே இறங்காது என்ற வாக்கு. இயங்குதளம் வீடியோ மாதிரி எழுதுவதில்லை. இங்கே 4 கேபி, அங்கே 4 கேபி என்று சில்லறை சில்லறையாகச் சிதறி எழுதும். அதற்கென்று வந்த குறிதான் ஏ1, ஏ2. ஏ1 என்றால் வினாடிக்குக் குறைந்தது 1500 முறை சிதறி வாசிக்கும், 500 முறை சிதறி எழுதும். ஏ2 என்றால் 4000, 2000.

500 முறை 4 கேபி எழுதினால் எவ்வளவு? வினாடிக்கு 2 எம்பி. 150 எம்பி என்று முகத்தில் போட்டிருக்கும் கார்டு நம் வேலைக்கு உத்தரவாதம் தருவது 2 எம்பிக்குத்தான். ஏ குறியே இல்லாத கார்டில் அந்த உத்தரவாதமும் கிடையாது. ஏ2 வாங்கினால் நான்கு மடங்கு கிடைக்குமா என்றால், ரீடரும் டிரைவரும் ஏ2-வின் புதுக் கட்டளைகளைப் பேசினால்தான். சாதாரண லேப்டாப்பில் அதை நம்பிக் காசு கொடுக்க வேண்டாம். நான் வாங்கச் சொன்னது 64 ஜிபி ஏ1, நல்ல பெயருள்ளது. லாரி டேஷ்கேமுக்கென்று தனியாக விற்கும் அதிக எழுத்து தாங்கும் கார்டுகளும் நல்ல யோசனைதான். நாள் முழுக்க எழுதி அழித்து எழுதவே செய்தவை அவை, ஆனால் அவற்றிலும் ஏ குறி இருக்கிறதா என்று பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

போலிக் கார்டு தனிக் கதை. பிறையிலிருந்து தெற்கே கொஞ்ச தூரம் போனால் பத்து காவானில் சான்டிஸ்க் ஆலையும் மைக்ரான் ஆலையும் இருக்கின்றன. தீவுப் பக்கம் பாயான் லெப்பாஸில் 1972-லிருந்தே இன்டெல் இருக்கிறது. இந்த ஊரில் யார் வீட்டில் கேட்டாலும் சிப் கம்பெனியில் ஷிப்ட் பார்த்த ஒருவராவது கிடைப்பார். இப்படிப்பட்ட இடத்தில் உட்கார்ந்துகொண்டு என் அக்கா இணையத்தில் ஒரு கார்டு வாங்கியிருந்தார், 1 டிபி, மீன் கறி சாப்பாட்டு விலைக்கு. எஃப்3 என்று ஒரு சின்ன நிரல் இருக்கிறது. கார்டு முழுக்க எழுதிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படித்துப் பார்க்கும். உண்மையான அளவு 32 ஜிபிகூட வரவில்லை. இந்த மாதிரிக் கார்டு நிறைந்துவிட்டது என்று சொல்லாது, சத்தமில்லாமல் பழையதன்மேல் எழுதும். எஸ்பிஎம் குறிப்புகளை அதில் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. புதுக் கார்டு எங்கே வாங்கினாலும் எஃப்3 ஓட்டாமல் அதில் ஒன்றும் நிறுவாதீர்கள். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும்.

சரி, கார்டு வேகமில்லை என்பது தெரிந்துபோயிற்று. ஆனால் வாசிப்பில் அது அவ்வளவு மோசமில்லை, ஒருமுறை படித்ததை லினக்ஸ் ரேமில் வைத்துக்கொள்ளும். உயிரை எடுப்பது எழுதுவதுதான். ஃபிளாஷ் சில்லில் 4 கேபியை மட்டும் அழித்து எழுத முடியாது. அழிப்பது எப்போதும் பெரிய தொகுதியாகத்தான் நடக்கும். நாம் ஒரு வரி திருத்தினாலும் கார்டுக்குள் இருக்கும் குட்டி கன்ட்ரோலர் பின்னால் நிறையச் சுமந்து இடம்மாற்ற வேண்டியிருக்கும். எஸ்எஸ்டியில் அந்த கன்ட்ரோலர் கெட்டிக்காரன், கார்டில் இருப்பது பாவம். கார்டில் ஓடும் லினக்ஸ் இழுக்கிறது, தேய்ந்து சாகிறது என்ற இரண்டு புகாருக்கும் வேர் இந்த ஒன்றுதான். அதனால் என் வேலை முழுக்க அநாவசியமாக எழுதாமல் பார்த்துக்கொள்வதாக இருந்தது. வேகமான கார்டுக்குக் கூடுதல் காசு போடுவதைவிட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

செய்தவை பெரிதாக ஒன்றுமில்லை. பகிர்வுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் நோஏடைம் (noatime) சேர்த்தேன், ஒரு கோப்பைப் படித்த நேரத்தையெல்லாம் குறித்துவைக்கும் பழக்கம் நின்றது. எக்ஸ்ட்4 (கார்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறை) மாற்றங்களைக் கார்டில் பதியும் இடைவெளியை ஒரு நிமிடமாக்கினேன். திடீரென்று பவர் போனால் கடைசி ஒரு நிமிட வேலை போகலாம், அது அவளுக்குத் தெரியும். சிஸ்டம் லாக் முழுக்க ரேமில். தற்காலிகக் கோப்புகளும் அப்படித்தான், அது டெபியன் 13-இல் வழக்கமாகவே ரேமுக்குப் போய்விட்டது. ஸ்வாப் (ரேம் போதாதபோது வழிந்து போகும் இடம்) கார்டில் கூடவே கூடாது. அதற்குப் பதில் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் இசட்ரேம். ஃபயர்ஃபாக்ஸ்தான் பெரிய குற்றவாளி, பார்க்கிற ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும் டிஸ்கில் சேர்த்துவைக்கும். அதன் டிஸ்க் கேஷை நிறுத்திவிட்டால் ஆள் மாறிவிடுகிறது. டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ என்கிற இலகுவான திரைச்சூழல். 4 ஜிபி ரேமில் இதற்கு மேல் ஆசைப்படக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் மென்பொருள் அப்டேட் மட்டும் இழுக்கும். டெபியனின் நிறுவி ஒவ்வொரு கோப்பும் உண்மையிலேயே கார்டில் இறங்கிவிட்டதா என்று நின்று பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். அந்தக் கண்டிப்பை நிறுத்த வழி உண்டு, நான் நிறுத்தவில்லை. அப்டேட்டைப் போட்டுவிட்டு மாமாக் கடைக்குப் போய் ஒரு தே தாரிக் குடித்துவிட்டு வந்தால் முடிந்திருக்கும்.

பூட் வரிசையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். டெபியன் தன்னை நிறுவும்போது பட்டியலில் முதல் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை இறக்கி விண்டோஸை மேலே வைத்தேன். அத்தான் பட்டனை அழுத்தினால் நேராக அவருடைய கணக்குக்குப் போகும், வீட்டில் இன்னொரு இயங்குதளம் இருப்பதே அவருக்குத் தெரிய வேண்டாம். மகள் திறக்கும்போது எஃப்12 அழுத்தி டெபியனைத் தேர்ந்தெடுப்பாள். "மாமா, கார்டு இல்லாம டெபியனை அமுக்கிட்டா?" என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, கெர்னல் கொஞ்ச நேரம் கார்டைத் தேடிவிட்டுக் கறுப்புத் திரையில் புலம்பும், அணைத்துத் திறந்தால் சரி.

மூடியைச் சாத்தினால் தூங்கும் வசதியை மட்டும் எடுத்துவிட்டேன், மூடினால் அணைந்துவிடும். சில லேப்டாப்களில் தூக்கத்தின்போது ரீடருக்கு மின்சாரம் நின்றுபோகும். எழும்போது பழைய கார்டையே புதுக் கார்டாக நினைத்துக்கொண்டு, தான் குடியிருக்கும் ரூட் பகிர்வைக் காணோம் என்று இயங்குதளம் உறைந்துவிடும். மைக்ரோ எஸ்டி துளை என்பதால் கார்டு உள்ளே முழுக்க மறைந்துவிடுகிறது, புத்தகப் பையில் இடித்து ஒடியாது. பெரிய எஸ்டி துளை உள்ளவர்கள் அடாப்டர் ஓரத்தில் இருக்கும் அந்தச் சின்னப் பூட்டைக் கவனியுங்கள். அது கார்டுக்குள் எதையும் பூட்டுவதில்லை, ரீடர்தான் அதைத் தடவிப் பார்த்து எழுத மறுக்கும். லேசாக நழுவினால்கூட இயங்குதளம் பூட் ஆகாமல் அடம்பிடிக்கலாம்.

தமிழில் தட்டச்சு செய்ய ஐபஸ், எம்17என் என்கிற உள்ளீட்டு நிரல்களை நிறுவினால் தமிழ்99-உம் ஒலிப்பு முறையும் கிடைக்கும். அவள் எஸ்பிஎம்மில் தமிழும் இலக்கியமும் எடுக்கிறாள், தமிழ்ப்பள்ளியில் பழகிய தமிழ்99 அப்படியே கையில் வந்தது. எழுத்துருவுக்கு நோட்டோ போதும்.

இந்த ஏற்பாட்டின் நட்டம் ஒன்று உண்டு. பூட் பகிர்வு லேப்டாப்புக்குள் இருப்பதால் கார்டை எடுத்துப்போய் இன்னொரு கணினியில் செருகி ஓட்ட முடியாது. யூஎஸ்பி ரீடர் உள்ள லேப்டாப் கிடைத்தவர்கள் எல்லாவற்றையும் கார்டிலேயே வைத்துக்கொள்ளலாம், எங்கே வேண்டுமானாலும் போய் ஓடும். கையில் காசு இருந்து, ஒரு யூஎஸ்பி துளை எப்போதும் சும்மா இருந்தால், சின்ன யூஎஸ்பி எஸ்எஸ்டி வாங்குங்கள் என்றுதான் சொல்வேன், வேகத்தில் கார்டு அதன் பக்கத்தில் நிற்க முடியாது. அக்கா வீட்டு லேப்டாப்பில் மொத்தமே இரண்டு துளை, ஒன்றில் மவுஸ், இன்னொன்றில் அத்தானின் பிரிண்டர். விண்டோஸையே இப்படி வெளியே வைத்து ஓட்டும் விண்டோஸ் டு கோ என்று ஒன்றை மைக்ரோசாஃப்டே வைத்திருந்தது, 2020-இல் விண்டோஸ் 10-இன் 2004 பதிப்போடு எடுத்துவிட்டார்கள். ரூஃபஸ் என்கிற நிரல் மூலம் இன்றும் செய்யலாம். கார்டில் அதைச் செய்யாதீர்கள், விண்டோஸ் பின்னணியில் எழுதுகிற எழுத்துக்கு எந்தக் கார்டும் தாங்காது.

கார்டு ஒருநாள் சாகும், அதற்கு ஒரு நகல் வேண்டும். 64 ஜிபி என்று விற்கும் இரண்டு கார்டுகள் அச்சாக ஒரே அளவில் இருப்பதில்லை, சில எம்பி முன்பின் இருக்கும். முதல் கார்டை முழுக்கப் பகிர்வு போட்டு நிரப்பினால், நகல் எடுக்கும் கார்டு ஒரு துளி சின்னதாக இருந்து கடைசியில் வெட்டிவிடும். அதனால் கடைசியில் 1 ஜிபியைச் சும்மா விட்டுத்தான் பகிர்வு போட்டேன். நகல் எடுத்த கார்டு அப்படியே பூட் ஆகும், ஏனென்றால் டெபியன் பகிர்வைப் பெயரால் தேடுவதில்லை, யுயுஐடி என்கிற தனி அடையாள எண்ணால் தேடுகிறது, அந்த எண்ணும் சேர்ந்தே நகலாகிவிடுகிறது. ஒரே ஒரு எச்சரிக்கை: நகலை யூஎஸ்பி ரீடரில் செருகி வைத்துக்கொண்டே லேப்டாப்பைத் திறக்காதீர்கள். இரண்டு கார்டுக்கும் ஒரே எண், எதைப் பிடித்துக்கொண்டு ஏறும் என்று சொல்ல முடியாது.